புடவையைத் தூக்கிப் பிடித்த லட்சுமி

எங்கள் வீட்டு லட்சுமிக்கு நான்கு கை கிடையாது. தாமரையில் உட்காரவும் மாட்டாள். ஒரு கையில் பூ; மறு கையால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ அவசரமாக நடந்துகொண்டிருப்பாள். ஐப்பசி மழையில் இரும்புலியூரில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். அதனால் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

அவள் குடியிருந்தது ஒரு தங்கக் காசில். நாலணா அளவுதான், ஆனால் உள்ளங்கையில் வைத்தால் நல்ல கனம். உச்சியில் ஓட்டை போட்டு ஒரு வளையம் வைத்திருந்தது. மறுபக்கம் ஒரு ஆளின் தலை. கழுத்தோடு நின்றுபோன தலை, சுருட்டை முடி, முகத்தை மீறிய மூக்கு. அவன் குபேரன் என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். குபேரனுக்குத் தொப்பை எங்கே என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "காசு சின்னது, தொப்பைக்கு எடமில்ல" என்றாள் அம்மா. ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்து மாதிரி ஏதோ தேய்ந்து கிடந்தது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம சாமியைப் போட்டு அடித்த காசாம். எங்கள் தாத்தாவின் அப்பா ஏரிக்கரை நிலத்தில் கிணறு வெட்டினபோது மண்ணோடு மேலே வந்ததாம்.

அந்தக் காசைத் தாலியில் கோர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு பக்கமும் குண்டு, நடுவில் லட்சுமி காசு. கடைசியாக அது இருந்த தாலி என் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவளுடைய அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றி மகளுக்குக் கோர்த்துவிட்ட காசு அது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருமாதி அன்றைக்கு அத்தையின் கழுத்திலிருந்து எடுத்ததில், தாலியை உருக்கினார்கள். காசை மட்டும் பாலில் கழுவி, மஞ்சள் பூசி, எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தையையும் கூடவே கொண்டுவந்தார்கள். காசு அலமாரியில், அவள் பின்பக்கத்து அறையில். தாலியறுத்தவள் லட்சுமியைத் தொடக் கூடாது என்பது சட்டம். நான் காலேஜுக்குப் போன அதே வயதில் அவள் அந்தச் சட்டத்துக்குள் போயிருக்கிறாள்.

அதுவரை அப்பா அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாராம். அதற்கப்புறம் 'இந்தாம்மா' என்று ஆகிவிட்டது. கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, ஜி.எஸ்.டி ரோட்டில் சிமெண்ட் கடை வைத்து, பார்க்கிறவரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த சாதாரண மனிதர். பாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது.

அத்தை அழுமூஞ்சி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே தப்பாகப் போய்விடும். எருமை வளர்த்து, பக்கத்துக் காலனிக்கெல்லாம் பால் ஊற்றினாள். "பாலில் தண்ணி கலக்கறியா?" என்று கேட்ட ஒரு அம்மாளிடம், "சேச்சே, தண்ணியிலதான் பால் கலக்கறேன்" என்று முகம் மாறாமல் சொன்னவள். வெள்ளிக்கிழமை அம்மா அலமாரியைத் திறந்து காசுக்கு மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைக்கும்போது, அத்தை வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பாள்: "இன்னா அண்ணி, என் காசு எப்பிடி கீது?"

"உன் காசா? லட்சுமிம்மா அது."

"லட்சுமி எங்கேர்ந்து வந்தா? என் கழுத்துலேர்ந்துதானே?"

அம்மா காது கேளாதது போல் மணி அடிப்பாள்.

எண்பதுகளின் கடைசியில் என் அண்ணனுக்குக் கேளம்பாக்கத்தில் பெண் பார்த்து முடித்தார்கள். நிலமும் தோப்புமாக வசதியான குடும்பம். நிச்சயதார்த்தத்திலிருந்து திரும்பி வந்த கையோடு அப்பா அறிவித்தார்: "நம்ம காசு மருமக தாலிக்கு. அவங்க அசந்துடணும்."

அன்று சாயங்காலம் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை. "அவ கழுத்துக்குப் போயிட்டா அப்புறம் அவ மருமக கழுத்துக்குப் போவும். எனக்குக் கண்ணுலகூடத் தெம்படாது. எங்கம்மா எனக்குக் குடுத்ததுடி அது. எனக்கு வேணும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்ததை முதல் தடவையாக வேடிக்கை இல்லாமல் சொன்னாள். எருமை அவள் தோளில் மூக்கை இடித்தது. "உனக்கு இன்னா அவசரம்?" என்று அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தவிட்டை வைத்தாள்.

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு சார் குடியிருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலேஜில் சரித்திரம் எடுப்பவர். நல்லவர், ஆனால் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தரைக்கு வந்தாலும் நிறுத்த மாட்டார். அத்தைக்கு அதிலும் லாபம்தான், உடனே இன்னொரு கால் லிட்டர் வாங்குவார். கொஞ்ச நாளாக அத்தை அவருக்குப் பால் ஊற்றப் போனால் திரும்பி வர வெகு நேரமாகியது. கேட்டால், "சார் இன்னாவோ ரோமாபுரின்னு சொல்லிகினு இருந்தாரு, பாவம், கேக்க ஆளில்ல" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டு ஏப்பம் விட்ட நேரம் பார்த்து அத்தை மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணா, மாடி சார் பழைய காசெல்லாம் பாத்தா எந்தக் காலம்னு சொல்லிடுவாராமே. நம்ம காசு எத்தினி வருசத்துதுன்னு தெரிஞ்சா, கேளம்பாக்கத்துல சும்மா எடுத்து வுடலாம்."

அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாரைக் கீழே கூப்பிட்டு அனுப்பினார்.

முதலில் காசின் முகமே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்து மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டு, லட்சுமி அம்மை போட்ட மாதிரி இருந்தாள். நான்தான் பூந்திக்கொட்டை நுரையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். பூ வந்தது, கை வந்தது, மடிப்பு மடிப்பாகத் துணி வந்தது. சார் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் பேசாமலிருந்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், இது ரோமாபுரிக் காசு" என்றார் கடைசியில், அப்பாவைப் பார்த்து. "கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம். மிளகு வாங்க வந்த கப்பல்ல வந்திருக்கும்."

அப்பா உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சுற்றுப் பெருத்தார். அம்மாதான் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள். "அப்ப லட்சுமி?"

"லட்சுமி இல்லைங்க. அவங்க ஊர்ல தங்கக் காசு அடிச்சா, பின்னாடி ஒரு தெய்வத்தைப் போடுவாங்க. இறக்கை வெச்சிருந்தா வெற்றித் தேவதை. தராசு பிடிச்சிருந்தா நியாயம். கையில கதிர் இருந்தா விளைச்சல். கொம்பு நிறைய பழமும் பக்கத்துல கப்பல் சுக்கானும் இருந்தா அதிர்ஷ்டம். ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் ஒரு பொண்ணு."

"எல்லா நல்ல குணமும் பொம்பளைதானா?" என்று கேட்டாள் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்த அத்தை. "அப்ப ஆம்பளை?"

"ஆம்பளை முன்பக்கம்" என்றார் சார், காசைத் திருப்பி மூக்கனைக் காட்டி. "ராஜா."

"அதானே பாத்தேன்" என்றாள் அத்தை.

"இந்த அம்மா யாருன்னா, ஸ்பெஸ். அப்படின்னா நம்பிக்கை. கையில இருக்கறது விரிஞ்ச பூ இல்லைங்க, மொட்டு. இனிமேதான் பூக்கும். துணியை ஏன் தூக்கிப் பிடிச்சிருக்கான்னா, தடுக்காம நடக்கறதுக்கு. நம்பிக்கை ஒரு எடத்துல நிக்காதாம், முன்னாடி போய்க்கிட்டே இருக்குமாம்." அவர் இன்னும் முக்கால் மணி நேரம் பேசினார். மாடியில் பால் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் ஓடினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளிக்கெழம தவறாம சக்கரப் பொங்க வெச்சேனே. ஒரு வெள்ளைக்காரிக்கா?"

"வெள்ளைக்காரி இல்லம்மா, ரோமாபுரிக்காரி" என்றேன் நான்.

"எல்லாம் ஒண்ணுதான். பொங்கலத் தின்னுட்டு வாயத் தொறக்கல பாரு." அன்றிரவே காசை அலமாரியிலிருந்து எடுத்து பீரோவில் போட்டாள். ஆனாலும் மறுநாள் காலையில் பீரோ மேல் ஒரு முழம் மல்லிகை இருந்தது. வேற்று சாமியானாலும் சாமிதானே என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்பது அவள் கொள்கை.

அப்பா மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். சிமெண்ட் வாங்க வந்தவன், லாரி டிரைவர், பஸ் ஸ்டாப்பில் நின்றவன், ஒருத்தரையும் விடவில்லை. எங்கள் வீட்டில் ரோமாபுரிக் காசு இருப்பது கூடுவாஞ்சேரி வரைக்கும் தெரிந்துவிட்டது. "லட்சுமி காசுன்னு நெனச்சுகினு இருந்தோம். இல்ல சார், இது அதுக்கும் மேல. ரோமாபுரி ராஜா" என்று மார்பைத் தட்டிக்கொண்டார். லட்சுமி இல்லை, லட்சுமி இல்லை என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லச் சொல்ல, அத்தை தன் பாட்டுக்குப் பால் கறந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது சிமெண்ட் கடை போர்டுக்குக் கீழே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

கேளம்பாக்கத்திலும் போய்ச் சொன்னார். காசைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பெருமையாக வைத்துச் சொன்னார். நானும் கூட இருந்தேன். பெண்ணின் அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப சந்தோசம் சம்பந்தி. ஆனா தாலியில வேத்து சாமியக் கோக்கறது எங்க வழக்கம் இல்லீங்க. அதுவும் பொடவையத் தூக்கிக்கினு கீறவள." அப்பாவின் முகம் ஈரத்தில் நனைந்த சிமெண்ட் மூட்டை மாதிரி இறுகிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து. காசு கல்யாணத்தில் யார் கண்ணிலும் படாமல் போனால் அப்பாவுக்கு மானம் போய்விடும். பேங்க் மேனேஜரிலிருந்து பிளாட் வாங்கினவர் வரைக்கும் 'மண்டபத்துக்கு வந்து பாருங்க' என்று சொல்லி வைத்திருந்தார்.

"தாலியில வேணாம். ஒரு சங்கிலியில கோத்து நீ போட்டுக்கோ" என்றார் அம்மாவிடம்.

"தாலி கீற கழுத்துல அவ கூடாது. ஒரு தடவ ஏமாந்தது போதும்" என்றாள் அம்மா. எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ போட்டுக்கோ."

எனக்கு அதற்குள் அத்தையின் கணக்கு புரிந்துவிட்டது. அத்தை கதவோரமாக நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "போட்டுக்கறேன்பா. ஆனா ஒருதரம் என் கழுத்துல போட்டதைத் திருப்பிக் கேக்கக் கூடாது. எனக்குக் கல்யாணம் ஆனா என்னோடயே வந்துடும். பரவாயில்லையா?"

அப்பா யோசித்தார். வீட்டை விட்டு ஒரு தங்கக் காசு போவதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியாதா? "நீ வேணாம்" என்றார் அவசரமாக. "ஒரு பொட்டியில வெச்சு மண்டபத்துல காட்டலாம்."

"எங்க வெப்ப? மொய் எழுதற டேபிள்லயா?" என்றாள் அத்தை. "எவனாவது அதையும் மொய்யின்னு எழுதி வெச்சிடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை கதவை விட்டு ஒரு அடி உள்ளே வந்தாள்.

"நான் போட்டுக்கறேன்."

அரிசி களைகிற சத்தம் நின்றது. அப்பா செருமினார். "நீ எப்பிடிம்மா... ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா சொல்லும்? தாலியறுத்தவ லட்சுமியப் போட்டுக்கினான்னு சொல்லுமா? நீதான் அது லட்சுமியே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்துட்டியே." குரல் அதுவரைக்கும் அவளுடைய வழக்கமான கிண்டல் குரல்தான். அதற்குப் பிறகு மாறியது. "லட்சுமின்னு சொல்லித்தான அண்ணா என் கழுத்துலேர்ந்து எடுத்தீங்க. இப்ப லட்சுமி இல்லன்னு ஆயிடுச்சில்ல? குடுத்துடுங்க. நான்தான் இந்த வூட்ட வுட்டு எங்கயும் போவப் போறதில்லியே."

லட்சுமிதான் என்று அப்பா சொன்னால் ரோமாபுரி போய்விடும். ரோமாபுரி என்றால் காசு அத்தையுடையது. ஆப்பு பிடுங்கிய குரங்கு எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெற்ற அப்பாவை இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் பார்த்ததைத்தானே சொல்ல முடியும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பீரோவைத் திறந்தாள். காசை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். "வெள்ளிக்கெழமைல அதுக்கு ஒரு பூவாவது வைம்மா. பழகிடுச்சு" என்றாள்.

அப்புறம் மாட்டுக்கொட்டகையில் அத்தையைப் பிடித்தேன். "முன்னாடியே தெரியும்தானே உனக்கு?"

"சார் மேசைல ஒரு பொஸ்தகம் தொறந்து கெடந்துதுடி. பால் ஊத்தப் போனப்ப அதுல ஒரு காசுப் படம் பாத்தேன். அதே நட, அதே மொட்டு. படிக்கத்தான் எனக்குத் தெரியாது. என் காசு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் துடைத்தாள்.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். அப்பா அதுவரை அத்தையிடம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அத்தையை நான்தான் மிரட்டி ஒரு சந்தன நிறப் பட்டுப் புடவை கட்டவைத்தேன். மெல்லிய சங்கிலியில் காசு. கட்டிக்கொண்டு போய், அவளைப் போன்றவர்கள் எப்போதும் உட்காருகிற கடைசி வரிசையில், சாப்பாட்டுக் கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தாலி கட்டும்போது எழுந்துகூட நிற்கவில்லை. அங்கிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் அவள் கழுத்தைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "வேணும்னா கிட்ட வந்து பாருங்க, கடிக்காது" என்றாள் அத்தை. அவர்கள் வரவில்லை.

தாலி கட்டி முடிந்து கூட்டம் மேடையில் மொய்த்துக்கொண்டிருந்தபோது பேங்க் மேனேஜர் வந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சத்தமாகவே கேட்டார். "எங்க சார் உங்க ரோமாபுரிக் காசு? பொண்ணு கழுத்துல காணோமே?"

சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். நாயனக்காரர்கள் அந்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவில் இருக்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அப்பா ஒரு தடவை தரையைப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கையை நீட்டினார்.

"அதோ சார். எங்க பாப்பா கழுத்துல."

அத்தனை தலையும் பின்னால் திரும்பின. மேனேஜர் போனார், அவர் பின்னால் பிளாட்காரர், அவர் பின்னால் மாடி சார், சாரின் பேச்சைக் கேட்க ஒரு பத்துப் பேர். கடைசி வரிசைக்கு முன்னால் வரிசை நின்றது. 'பாப்பா' என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து அத்தை அப்பாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே காசைத் திருப்பி, மூக்கனை உள்பக்கம் தள்ளி, நடக்கிறவளை வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள்.

மேடையிலிருந்து போட்டோக்காரர் குரல் கொடுத்தார். "அந்தக் காசு போட்ட அம்மாவையும் மேல வரச் சொல்லுங்க, பொண்ணு மாப்பிள்ளையோட ஒண்ணு எடுத்துடலாம்." எங்கள் சொந்தக்காரக் கிழவர் ஒருவர், "அவ எப்பிடி மேல..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அத்தை வரிசையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேடைப்படியில் பன்னீர் சிந்தி ஈரமாக இருந்தது. ஒரு கையால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.